அண்ணனின் மஞ்சள் கண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய், நலமில்லை என்று எழுதினால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய், ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

என் கண் மஞ்சளானது உனக்குத் தெரியும். முதலில் பார்த்த டாக்டருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தே குடிப்பீங்களா என்றான், இல்லை என்றேன், எப்பவாவது என்றான். இருமல் மருந்தையே முகம் சுளித்துக் குடிக்கும் எழுபத்தொரு வயதுக்காரியிடம் மூன்று தடவை கேட்டான். கடைசியில் வயசானா இப்படித்தான் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தான், படித்த படிப்பு அவ்வளவுதான். உன் சித்தி பழத்தோடு வந்தாள், பையைக் கீழே வைப்பதற்குள் வாடை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சினாள். மாடி வீட்டுக்காரர் இப்பல்லாம் குடிய நிறுத்த மருந்து இருக்கும்மா என்று ஆறுதல் சொன்னார். எல்லாம் அறிவுக்கொழுந்துகள்.

அப்புறம் கல்லீரல் டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் எடுத்து, விலாவுக்குள் ஊசி விட்டு நூலளவு சதை எடுத்துப் பார்த்தார். உடம்பைக் காக்க வேண்டிய படையே கல்லீரலை எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். வயதானவர்களுக்கு இது சத்தமில்லாமல் வருவதால் வெறும் அசதி என்று விட்டுவிடுகிறார்களாம். என் ரத்தத்தில் டி.ஆர். நான்கு என்ற மரபணு வகை இருக்கிறது. முதுமையில் இந்த நோய் வருகிறவர்களிடம் அதுதான் அதிகமாம், இளம் வயதில் வருகிறவர்களிடம் டி.ஆர். மூன்று அதிகமாம். அது இருந்தாலே நோய் வரும் என்றோ, பிள்ளைக்கும் வந்துவிடும் என்றோ கிடையாது, பயப்படாதே. ஆனால் உனக்குத் தைராய்டு இருக்கிறது, அதுவும் உடம்பு தன்னையே அடிக்கிற வகைதான் என்று நீயே சொன்னாய், இப்போது அசதி அசதி என்கிறாய். அதை வெறும் அசதி என்று விட்டுவிடாதே. எனக்கு ஸ்டீராய்டு மாத்திரையில் மஞ்சள் வடிந்துவிட்டது, முகம்தான் பூசணிக்காய் ஆகிவிட்டது.

குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் கோளாறு உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். உன் பெரிய மாமா கண் மஞ்சளாகி வயிறு உப்பி ஐம்பத்தெட்டு வயதில் போனாரே, அந்தக் குடிகாரன் கதையை எதற்கு எடுப்பது என்று மறைத்தேன். அவருக்கு அந்தப் பேரை வைத்த முதல் ஆள் நான். கடைசி மாதம் ஒரு மத்தியானம் நம் வாசலில் வந்து நின்றார், கால் நிலைகொள்ளவில்லை, பேச்சுக் குழறியது. தெளிஞ்சப்புறம் வாங்க என்று கம்பிக்கதவைத் திறக்காமலே அனுப்பினேன். முப்பது வருடம் நீதிமன்றத்தில் தீர்ப்பு தட்டச்சு செய்தவளுக்கு விசாரணை எதற்கு. போன வாரம்தான் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லீரல் கைவிட்டால் குடிக்காதவருக்கும் நாக்குக் குழறும், புத்தி தடுமாறும் என்றார். அவருக்கும் இதே நோய்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாதாம்.

நேற்று அண்ணி வீட்டுக்குப் போனேன். இருபத்திரண்டு வருடம் கழித்துப் படியேறியவளை உட்கார் என்றுதான் சொன்னார். அண்ணன் குடித்தாரா என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டே, அவர் அதைத் தொட்டதே இல்ல, அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு உன்னைக் கூப்பிடத்தான் வந்தார் என்றார்.

நீயும் உன் வீட்டுக்காரரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். இந்த வாரமே கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய், மாமாவைப் பற்றியும் சொல்.

உன் அம்மா