அரிசிப் பாயசத்துக்காக ஏழு ஹோட்டல்

பெங்களூர்
12.8.1998

பார்கவி அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? இந்த விடுதி வார்டன் வேலை எனக்குப் பழகிவிட்டது.

நம் கல்யாண நாளன்று அவரவர் ஊரில் அரிசிப் பாயசம் சாப்பிடுவோம் என்று பேசிக்கொண்டோமே, அதற்காக பிரேசர் டவுன் தொடங்கி ஏழு ஹோட்டல் ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் சேமியா, ஓரிடத்தில் கசகசா. ஸ்ரீராம்புரத்தில் சர்வர், "சாப்பாடே அரிசிதானே டீச்சரம்மா, பாயசத்துலயும் எதுக்கு?" என்றார். முப்பது வருடம் பாடம் நடத்தியது முகத்திலேயே தெரிகிறது போலிருக்கிறது; ஒரு காபி மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நேற்று நானே செய்தேன். சர்க்கரைப் பொங்கல் நினைப்பில் கொதிக்கிற பாலிலேயே வெல்லத்தைப் போட, திரிந்துவிட்டது. அவசரமாக இறக்கியதில் விரலில் சின்னச் சூடு, மருந்து போட்டாயிற்று. விடுதிப் பெண்கள் அதையும் வழித்துச் சாப்பிட்டார்கள்.

நான் விடப்போவதில்லை, இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பார்கவி இங்கே வரும்போது நம் வீட்டுப் பச்சரிசி ஒரு படி கொடுத்தனுப்புங்கள். இத்தனை வருடம் நீங்கள் கிளற, நான் சாப்பிட மட்டும் செய்தேன். செய்முறையை உங்கள் கையால் எழுதுங்கள். "பதம் வரும்வரை கிளறு" என்று எழுதாதீர்கள். "நன்றாகப் படி" என்று மட்டும் சொன்னால் எந்தப் பிள்ளை பாஸாகும்? எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். கிளறும்போது ஏதோ முணுமுணுப்பீர்களே, அதையும் எழுதுங்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கிறார்கள், போகிறேன்.

உங்கள்
பங்கஜவல்லி