மொட்டைத் தலையும் நடுச்சுவரும்

என் அக்காவைக் கட்டிக்கொண்டு பாதியில் எழுந்துபோன அன்புக்குரிய பாவாவுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் அல்ல. உங்கள் நலத்தைப் பற்றி இனி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த வசதியை உங்களுக்கு மட்டும் தேடிக்கொண்டுவிட்டீர்கள். இது ஒரு புகார். நீங்கள் போனதிலிருந்து என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நாவலாசிரியர். எனக்கு அடுத்த வீடு. ஒவ்வொரு நாவலையும் தொடங்குமுன் மலையேறிப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருவீர்கள். ஊர் அதைப் பக்தி என்று நினைத்தது. என்னிடம்தான் உண்மையைச் சொன்னீர்கள்.

"மொட்டையோட வெளிய போவ கூச்சமா இருக்கும் தம்பி. முடி வளர்ற வரிக்கும் வூட்லயே குந்திகினு எழுதலாம்."

திருத்தணியில் வசித்துக்கொண்டு ஒரு மனிதர் இப்படி யோசித்தார். மொட்டைத் தலையைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஊர் ஒன்று உண்டென்றால் அது இதுதான். டீக்கடை பெஞ்சில் பாதித் தலைகள் சந்தனம் பூசியவை. நீங்கள் வெளியே வந்த உடனே, சித்தூரிலிருந்து வந்த ஏதாவதொரு குடும்பம் உங்களையும் தங்களைப் போல நினைத்துத் தெலுங்கில் மலைப்படிக்கு வழி கேட்கும். நீங்களும் அடிவாரம் வரை கூடவே போய்க் காட்டிவிட்டு, மத்தியானம் வீடு திரும்புவீர்கள். கூச்சம் எந்தப் பக்கம் போயிற்று என்று நான் கேட்டால் முறைப்பீர்கள்.

மொட்டையோடு முடிந்ததா? செல்போனை அரிசி டப்பாவுக்குள் புதைக்க வேண்டும். பனியனை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். பேனாவைக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

"இதெல்லாம் எதுக்கு பாவா?"

"கை இங்க இருக்குது, மனசு எங்கியோ பூடுது தம்பி. அத்த இஸ்துகினு வந்து கட்டணும்."

"பனியன் எந்தப் பக்கம் இருக்குதுன்னு மனசுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுதே."

இதையும் ஒரு பதில் என்று நினைத்துச் சிரித்தீர்கள்.

கடைசியாக, எனக்கென்றே ஒரு தண்டனை வைத்திருந்தீர்கள். காலையில் நான் மேசைக்கு வரும் நேரம் பார்த்து, நம் இரு வீடுகளுக்கும் நடுவே உள்ள சுவரைத் தட்டுவீர்கள். முந்தைய நாள் எழுதியதில் ஒரு பத்தியை உரக்கப் படிப்பீர்கள். இந்தப் பக்கத்திலிருந்து நான் "பொய்" என்பேன். அல்லது "இந்தப் பொம்பள இப்படிப் பேசமாட்டா" என்பேன். அரைமணி நேரம் சுவர் வழியாகச் சண்டை நடக்கும். பிறகு அந்தக் கோபத்தோடு நான் என் வேலைக்கு உட்காருவேன்.

இப்போது ஊர்ச் செய்தி. உங்கள் வாசகர் ஒருவர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கல்யாண மண்டபத்தில் எழுத்தாளர்களுக்கு முகாம் நடத்துகிறார். 'இக்கணத்தில் அமர்தல்' என்று பேனர் கட்டியிருக்கிறது. சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்குகிறார்கள். எல்லோருக்கும் மொட்டை. எல்லோருடைய செல்போன்களும் ஒரே அண்டா அரிசியில். மேடையில் நீங்கள் மாலையோடு படமாக இருக்கிறீர்கள். பனியன் எந்தப் பக்கம் என்று படத்தில் தெரியவில்லை. அதைப் பற்றி ஒரு அமர்வே நடந்ததாம்.

அக்காவைக் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டிருந்தார்கள். திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஆங், நல்லாத்தான் இருந்துச்சு. அரிசிதான் புழுத்த அரிசி."

"உன்ன பேசச் சொன்னாங்களா?"

"அவுரு காலைல எத்தினி மணிக்கு எழுந்துப்பாருன்னு கேட்டாங்க. நான் எழுப்பனப்புறம்னு சொன்னேன். அத்தயும் எழுதிகினாங்கடா."

இனி என் கதை. நான் ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஊரைக் கேலி செய்து பிழைப்பவன். நீங்கள் போனபின், அச்சேறத் தகுதியில்லை என்று ஒதுக்கியிருந்த பழைய கட்டுரைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. அவையும் தீர்ந்தன. ஆசிரியர் கூப்பிட்டார்.

"வர்ற வாரமும் வரலைன்னா அந்தப் பக்கத்துல ராசிபலன் போட்டுடுவேன் சார். ஜனங்க ரொம்ப நாளா கேக்குறாங்க."

சடங்கு என்பது சோம்பேறித்தனத்துக்குப் போட்ட பூணூல் என்று உங்களிடம் பலமுறை சொன்னவன் நான். உட்கார்ந்தால் எழுத்து வரும் என்பது என் கொள்கை. உட்கார்ந்தேன். கை மேசையில் இருந்தது. மனம் ஆஸ்பத்திரி வராந்தாவில், உங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. அதை எப்படி இழுத்து வருவது என்று நீங்கள் சொல்லித் தரவில்லை.

"நீயும் ஒரு மொட்ட போட்டுக்கடா. போனா முடிதான" என்றாள் அக்கா.

ராசிபலன் பயம் கொள்கையை வென்றது. மலைக்குப் போனேன். சவரம் செய்தவர் கேட்டார்: "இன்னா சார் வேண்டுதல்?"

"என் பக்கத்துல ராசிபலன் வரக்கூடாது."

"சனி பார்வையா சார்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். சந்தனம் பூசினேன். பனியனைத் திருப்பிப் போட்டேன். பேனாவைக் கழுவினேன். செல்போனை அக்கா வீட்டு அரிசி டப்பாவில் வைத்தேன். உலை வைக்க அரிசி எடுக்கப் போன அக்கா, உள்ளே ஒலித்த போனை எடுத்து ஆசிரியரிடம், "அவன் எழுதிகினுதான் கீறான்" என்றாள். உங்களுக்குப் பிறகு நம் குடும்பத்தில் உருவான முதல் புனைவு அது.

நான் எழுதிக்கொண்டிருக்கவில்லை. தலை குளிர்ந்தது, அவ்வளவுதான். உங்கள் சடங்குகள் ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாயிற்று; ஒன்றுக்கும் பலன் இல்லை. ஆத்திரத்தில் எழுந்துபோய்ச் சுவரைக் குத்தினேன்.

"எல்லாம் பொய் பாவா. நீங்களும் பொய், உங்க மொட்டையும் பொய்."

அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கேட்டாள்: "யாரடா திட்டினுகீற?"

"உன் வூட்டுக்காரரத்தான்."

அவள் முறத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப சத்தமா திட்டு. அவுருக்குக் காது மந்தம்."

சத்தமாகத் திட்டினேன். கூச்சத்துக்காக மொட்டை போட்டுவிட்டு அடிவாரம் வரை ஊர் சுற்றியதைச் சொன்னேன். உங்கள் மூன்றாவது நாவலின் முடிவைச் சொன்னேன். மாத்திரையை விழுங்காமல் ஜன்னல் வழியாக வீசியதைச் சொன்னேன். "ஈரத் துண்ட கட்டில் மேல போட்டதயும் சொல்லு" என்றாள் அக்கா. அதையும் சொன்னேன். அவள் சிரித்தாளா, அழுதாளா? சுவர் வழியாக அது தெரிவதில்லை.

தொண்டை கட்டியதும் மேசைக்கு வந்தேன். முகாமைப் பற்றிய கட்டுரை மத்தியானத்துக்குள் முடிந்தது. புழுத்த அரிசி முதல் வரியிலேயே வந்துவிட்டது. இந்த வாரம் ராசிபலன் இல்லை.

சடங்கே இல்லாதவன் என்று இத்தனை காலம் என்னைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறேன். தினமும் காலையில் என் சடங்கைச் சுவர் தட்டி நடத்திவைத்த உங்களுக்காவது அது தெரிந்திருந்ததா? தெரிந்தும் சொல்லாமல் போனீர்களா? இதற்காகவும் உங்களை மன்னிக்கப் போவதில்லை.

முடி வளரத் தொடங்கிவிட்டது. இனி மொட்டை போடமாட்டேன். பனியன் சரியான பக்கத்தில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் மேசைக்கு வரக் கொஞ்சம் தாமதமானால் அக்கா சுவரைத் தட்டுகிறாள். "இன்னாடா, இன்னிக்கி அவர ஒண்ணும் கேக்கலியா?" என்கிறாள். கேட்பேன். எழுதும் ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக உங்களைத் திட்டுவேன், அந்தப் பக்கம் கேட்கும்படி சத்தமாக. இது சத்தியம்.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் மனைவியின் தம்பி