எட்டு மணி நாலு நிமிடக் கதவு

நியூ ஆர்லியன்ஸ்
புதன்கிழமை

அன்புள்ள ரோஷெல்லுக்கு,

உன் தாய்மாமனும், பள்ளியின் அன்றாட நிர்வாகத்துக்குத் தலைவனும், முந்நூற்றுப் பதினேழு சாவிகளுக்கு அதிபதியுமாகிய அமெடி எழுதுவது. வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன்: இதில் வரப்போவது எவரும் நம்பாத கதை. ஹூஸ்டனில் உன் அத்தை நம்பமாட்டாள். தபால்காரர் திருட்டுத்தனமாகப் பிரித்துப் படித்தால் அவரும் நம்பமாட்டார். நீ என்னை நம்பாமல் இருக்கத் தனியாக ஒரு காரணம் வேண்டியதில்லை. பதினொரு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் காகிதம், நாளையே சேரும் அவசரத் தபாலில்.

முதலில் பள்ளிச் செய்திகள். உன் அம்மா உன்னையும் உன் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனுக்குப் போன மறுநாளே கொதிகலன் அறையில் ஒரு முதலை புகுந்துவிட்டது. பன்னிரண்டு அடி. வருகை அட்டை எங்கே என்று கேட்டேன். விழித்தது. தாமதச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினேன். அதற்கடுத்த நாள் மணி கெட்டுப்போய் ஒரே காலையில் தொள்ளாயிரம் தடவை அடித்தது. பிள்ளைகள் நான்கு வருடப் படிப்பையும் மதியத்துக்குள் முடித்துவிட்டுப் பட்டம் கேட்டு என் அறை வாசலில் நின்றார்கள். பால்காரனிடம் நானூறு பாக்கெட் கேட்டேன், நாற்பதாயிரம் வந்தது. மாடிப்படிவரை பால். சமையலறையிலிருந்து மிஸ் ஓடெல் கரண்டியோடு வெளியே வந்து, "ஏன் அமெடி, எதுலயும் ரெண்டு சைபர் சேத்துப் போடலைன்னா உனக்குத் தூக்கம் வராதா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸ் சோறு. உன் பங்கை அவள் இன்னும் தனியாக எடுத்து வைக்கிறாள். அந்தத் தட்டை என் முன்னால் வைத்தாள். கை நீட்டினேன். "இது உனக்கில்ல, பேபி. புள்ள வந்து சாப்பிடும். நீ சும்மா பாத்துக்கிட்டு உக்காரு" என்றாள். பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறிப்போகும்வரை.

இனி அந்தக் கதவு.

சாலையைத் தோண்டிப் போட்டதிலிருந்து உன் இரண்டாவது பஸ் எட்டு மணி நாலு நிமிடத்துக்குத்தான் முனையில் வந்து நிற்கும். நம் வாசல் எட்டுக்கு அடைபடும். மூன்று தாமதச் சீட்டு சேர்ந்தால் சனிக்கிழமை தண்டனை வகுப்பு. சனிக்கிழமைதான் பாண்டு ஒத்திகை. ஒத்திகை தவறினால் கார்னிவல் ஊர்வலத்தில் இடமில்லை. மூன்றாவது வரிசையில் டிராம்போன் குழலை வானத்துக்கு உயர்த்தி நீ வருவாய், நடைபாதையில் நின்று, "அது என் தங்கச்சி பொண்ணு" என்று நான் ஊருக்கே காது செவிடாகக் கத்துவேன் என்று நான்கு மாதமாகத் தொண்டையைத் தயார் செய்து வைத்திருந்தவன். எப்படி விடுவேன்?

ஆகவே சமையலறைப் பக்கக் கதவு. டிராம்போனின் ஊதுவாயைக் கழற்றி அதனால் நீ தட்டுவாய்: மெதுவாக இரண்டு, வேகமாக மூன்று. நான் திறந்து இடுப்பை வளைத்து, "வாங்க மகாராணி, செங்கம்பளம் சலவைக்குப் போயிருக்கு" என்பேன். நீ, "வழி விடு மாமா, அல்ஜீப்ரா!" என்று என் கைக்கு அடியில் புகுந்து ஓடுவாய். பத்து நாள் காலையில் இப்படி நடந்தது.

அந்தக் கதவில் அட்டை தேய்க்கும் இயந்திரம் இல்லை என்பது நம் இருவருக்கும் உறைக்கவில்லை. உனக்கு உறைக்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் உத்தியோகம். இந்த வருடத்திலிருந்து முன்வாசல் இயந்திரம் சொல்வதே வருகை. தொடர்ந்து பத்து நாள் அட்டை தேய்க்காத பிள்ளையின் பெயர் தானாக உதிர்ந்துவிடும், அந்த இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். தினமும் ஒன்பது மணிக்கு அந்தப் பட்டியலைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவன் யார் என்று நினைக்கிறாய்? உன் பெயர் உதிர்ந்த தாளிலும் என் கையெழுத்து இருக்கிறது. வால் சுழித்து, அழகாக.

உன் கணக்கு வாத்தியார் புரூடோம் அந்தத் தாளோடு ஓடிவந்தார். "பலகையில நின்னு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கிற புள்ளைய இல்லைன்னு எழுதியிருக்கியே அமெடி, அது என்ன ஆவியா?" என்றார். நான் சிரித்தேன். ஆவிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டா என்று வேடிக்கை பேசினேன். அதற்குள் முதல்வர் ஹாலோவே மேடம் உன்னையும் என்னையும் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

அந்த அறையில் அவர் நாற்காலிக்கு மேலே என்ன மாட்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். சிவப்பு மையில், என் கையெழுத்தில், நானே இயற்றிய விதி: அட்டை தேய்க்காதவருக்குப் பக்கக் கதவைத் திறக்கும் ஊழியருக்கு அன்றே வேலை இல்லை, அப்படி நுழையும் மாணவருக்கு இடமில்லை. அதை ஆசிரியர் கூட்டத்தில் நான் மேசையைக் குத்திப் படித்தபோது சுண்ணாம்பு உதிர்ந்தது.

மேடம் கேட்டார். நீ நேராக, "மாமாதான் திறந்தாரு" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், எழுதக் கை கூசினாலும்: "ரோஷெல்லுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம் மேடம். எங்க குடும்ப வியாதி."

நீ அழவில்லை. கத்தவில்லை. வருகை அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாய். சத்தம்கூட வரவில்லை. வாழ்நாளில் ஆயிரம் புளுகு புளுகியிருக்கிறேன், ரோ. கேட்டவுடனே எல்லோரும் நம்பியது அது ஒன்றைத்தான்.

நேற்று மாலை உடற்பயிற்சிக் கூடத்தில் நிர்வாகக் குழு கூடியது. சீட்டு எழுதிக் கொடுத்தால் யாரும் இரண்டு நிமிடம் பேசலாம் அல்லவா, நானும் எழுதிக் கொடுத்தேன். பத்தாயிரம் பேர் கூடியிருந்தார்கள். கூரைக் கம்பிகளில் கூழைக்கடாக்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்டன. நான் ஒலிபெருக்கியின் முன் போய் நின்று, "கதவத் தொறந்தது நான். பத்து நாள் காலையும் நான்தான். புள்ள பொய் சொல்லல" என்றேன். அவ்வளவுதான். குழுவினர் ஏழு பேரும் தேம்பி அழுததில் தரை முழுக்க ஈரம்; நானே துடைத்தேன். பாண்டு வாத்தியம் முழங்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

போகும் வழியில் ஹாலோவே மேடம் மட்டும், "இத அன்னிக்கே சொல்ல உனக்கு என்ன கேடு அமெடி?" என்று கேட்டார். அதற்கு மட்டும் என்னிடம் ஒரு கதையும் இல்லை.

இத்துடன் வைத்திருக்கும் தாளைக் கவனமாகப் பார். அதை நான் எழுதவில்லை, குழு எழுதியது, முத்திரை இருக்கிறது. உன் இடம் வெள்ளிக்கிழமை நான்கு மணிவரை உனக்குத்தான். அதற்குள் உன் அம்மா கையெழுத்துப் போட்டு, படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். என் தங்கை கோரினிடம் நானே சொல்லலாமென்று நேற்றிரவு கூப்பிட்டேன். "உன் குரலே எனக்கு வேணாம்ணா" என்று வைத்துவிட்டாள். அண்ணன் என்று சொன்னாளே, அதை வைத்துக்கொண்டு இன்று காலை காபி குடித்தேன். தாளை நீ அவளிடம் கொடு. என் பெயரைச் சொல்லாமலே கொடு.

இன்னொன்று. உன் பஸ்ஸுக்காக வாசலை எட்டு பத்துவரை திறந்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு வரி உத்தரவு. வாசல் நேரத்தைக் குறிக்கும் அதிகாரம் இத்தனை நாளும் யாரிடம் இருந்தது தெரியுமா? என்னிடம். முதல் நாளே மாற்றியிருக்கலாம். நீ தட்டுவதும் நான் திறப்பதும் எனக்குப் பிடித்திருந்தது, ரோ. அந்தப் பத்து நொடிக்கு நான் ராஜா. அதற்காக உன்னைத் திருட்டு வழியில் நடக்கவிட்டேன்.

என் விதி என்னையும் விடவில்லை. சாவிகளை ஒப்படைத்துவிட்டேன். ஆகவே நீ வரும்போது நான் அங்கே இருக்கமாட்டேன். அந்தச் சங்கடம் உனக்கு வேண்டாம். முன்வாசல் வழியாக, ஓடாமல், தலை நிமிர்ந்து வா. ஊர்வலத்தன்று நடைபாதையில் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பேன். கத்தமாட்டேன். நீ திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. உன் மூச்சு என்றும் நீளமாக இருக்கட்டும்.

உன் மாமன்,
அமெடி

பின்குறிப்பு: முதலை இல்லை. பால் நானூறு பாக்கெட்தான் வந்தது. மணி ஒழுங்காகவே அடிக்கிறது. சாவிகள் பதினான்கு. கூட்டத்துக்கு வந்தவர்கள் இருபத்திரண்டு பேர், அதில் ஒருவர் தூங்கினார். யாரும் அழவில்லை, யாரும் தூக்கவில்லை, நடந்துதான் வீட்டுக்குப் போனேன். இந்தத் தாளும், எட்டு பத்து வாசலும், ஒலிபெருக்கியில் நான் சொன்ன அந்த மூன்று வரியும் நிஜம். நீ பொய் சொல்லவில்லை.