அம்மா அலைமேல் நின்ற சனிக்கிழமை

சிட்லபாக்கம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சுஜிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே இரண்டு பேரும் சுகம், அப்பாவின் முட்டியைத் தவிர. நீயும் அந்தப் பாலித் தீவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், முடித்ததும் உன் தம்பி ஆபேல் படம் எடுத்து அனுப்புவான். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் நாங்கள் வருகிறோம். நாங்கள் என்றால் நானும் உன் அப்பாவும். ஆமாம்டி, அப்பாவும்தான்!

நீ பேங்க் வேலையை விட்டுவிட்டு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கப் போன நாளிலிருந்து மூன்று வருஷமாக அந்த மனுஷர் உன்னோடு பேசவில்லை, அது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. சர்ச்சில் எல்லோரிடமும் நீ சிங்கப்பூரில் பேங்க்கில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெண்கள் சங்கச் செயலாளர் கிறிஸ்டினா வாராவாரம் உன் பதவி உயர்வுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபிப்பாள், எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். இவரை நம்பிப் பயனில்லை, தனியாகவே உன்னைப் பார்க்கப் போவதென்று பாஸ்போர்ட் வாங்கினேன். அதோடு நீ செய்கிற வேலை என்னவென்று என் உடம்புக்கும் தெரியட்டுமே என்று சனிக்கிழமைதோறும் கோவளம் போய் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டேன், வீட்டில் சங்கக் கூட்டம் என்று புளுகிவிட்டு. அறுபது வயதுவரை கடலில் கணுக்காலுக்கு மேல் நனைக்காதவள் நான்! ஐந்து வாரம் உப்புத் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். சொல்லித்தரும் பொன்னுசாமி, கீழ பாக்காத ஆன்ட்டி, கரையப் பாத்துகினே எழுந்திரு என்று தொண்டை கிழியக் கத்துவார். ஆறாவது வாரம் அவர் சொன்னபடி கரையைப் பார்த்தேன், அங்கே குடையும் கையுமாக உன் அப்பா நிற்கிறார்! அக்கா ஏன் கூட்டத்துக்கே வர்றதில்ல என்று கிறிஸ்டினா அவரிடம் கேட்டிருக்கிறாள், இவர் ஆபேலை மிரட்டி இடத்தைத் தெரிந்துகொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். விழவேண்டியவள் பயத்தில் பலகைமேல் எழுந்து நின்றுவிட்டேன் சுஜி! கரைவரை நின்றேன்! இவர் செருப்போடு தண்ணீரில் இறங்கி தபீதா, தபீதா என்று கத்துகிறார், திட்டுகிறாரா கொண்டாடுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே வந்தார். கேளம்பாக்கம் தாண்டியதும் மெதுவாக, அவளும் இப்படித்தான் சொல்லித் தர்றாளா என்றார். மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. எந்தெந்த நாட்டுக்காரங்களோ அவகிட்ட வந்து கத்துக்கறாங்க, மே மாசம் நான் அவளப் பாக்கப் போறேன் என்றேன். மறுநாள் ஆராதனையில் போதகர் ஸ்தோத்திர காணிக்கைக் கவர்களில் அவரவர் எதற்கு நன்றி என்று எழுதியிருந்ததை வாசித்தார். ஞானையா குடும்பத்தார், மகள் சுஜி பாலித் தீவில் அலைச்சறுக்கு ஆசிரியையாக இருப்பதற்காகவும், அவளைப் பார்க்கப்போகும் முதல் விமானப் பயணத்துக்காகவும் என்றார். எனக்குத் தெரியாமல் அப்பா எழுதிப் போட்ட கவர் அது! அப்பா எழுந்து, இத்தன நாள் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க என்றார். ஆராதனை முடிந்ததும் கிறிஸ்டினா ஓடி வந்து, அப்ப மூணு வருஷமா நான் எதுக்குக்கா ஜெபம் பண்ணேன் என்றாள். அவ விழாம நிக்கறதுக்குத்தான் என்றேன். அவளே இப்போது வகுப்பில் சேர வழி கேட்கிறாள்.

இந்த ஒரு மாதத்தில் அப்பாவுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கொண்டுவரும் சாமான் பட்டியலை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்து நாளுக்கு நாலு தடவை திருத்துகிறார். பருப்புப் பொடியும் ஆவக்காயும் உறுதி, வேறு என்ன வேண்டும் சொல். தண்ணீரைவிட்டு வந்ததும் காதை நன்றாகத் துடை, வெறும் வயிற்றோடு கடலில் இறங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை, இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். விசா விவரத்தை மறக்காமல் ஆபேலுக்கு அனுப்பு. கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்கிறார் அப்பா, விடுகிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா தபீதாள்

சுஜிம்மா, எங்களை அழைத்துப்போக ஏர்போர்ட்டுக்கு வருகிறேன் என்று வகுப்பை விட்டுவிடாதே. நாங்களே விசாரித்து வந்து கரையில் நிற்கிறோம்.
அப்பா