ஒரு வருஷ வேண்டுதல்

6 ஜனவரி 1957, ஞாயிறு

வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் பிள்ளை வந்துவிட்டுப் போனார். குடை, தொப்பி, தொப்பை மூன்றையும் வாசலிலேயே நிறுத்திக்கொண்டு பேசினார். அடுத்த வருஷத்திலிருந்து மாத வாடகை என்ற பேச்சே கிடையாதாம். 1958-க்கான வாடகை மொத்தத்தையும், இருநூற்று நாற்பது வெள்ளி, இந்த டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் வீடு வேறு ஆளுக்கு.

"மாசா மாசம் இங்க வந்து நின்னே என் செருப்பு தேயுது நடராஜன்" என்றார். செருப்பு புதுசு. நான் பார்த்தேன்.

அவர் போனதும் அப்பா, "சேதுபதி கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். எஸ்டேட்டுக்கே போயிடலாம். தோட்டத்து லயத்து வீட்டுல வாடகை இல்ல, விறகுக்குக் காசு இல்ல" என்றார். சேதுபதி மாமா அம்மாவின் அண்ணன், ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார். அங்கே பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு தீர்ந்துபோகும். நான் இப்போதே ஒன்பதாவது. போனால் வாத்தியாராகத்தான் போக வேண்டும்.

அம்மா ஒரே ஒரு வெங்காயத்தை ரொம்ப நேரம் நறுக்கினாள்.

9 ஜனவரி

நாட்டுக்கு ஒரு நிதி மந்திரி இருக்கும்போது எங்கள் காஜா பெராங் பேட்டையில் ஒரு வீட்டுக்கு இருந்தால் என்ன? என்னை நானே நியமித்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று வாசித்தேன்.

"மாண்புமிகு அம்மா அவர்களே! தண்ணீர்க் குழாய் இலாகா அப்பா அவர்களே! மூக்கில் விரல் விட்டிருக்கும் தம்பி தேவதாஸ் அவர்களே! நம் வருஷ வருமானம் ஆயிரத்து நானூற்று நாற்பது. இந்த வருஷ வாடகையும் அடுத்த வருஷ வாடகையும் போனால் தொள்ளாயிரத்து அறுபது. மாதம் எண்பது வெள்ளியில் நாலு வயிறு."

அப்பா சிரித்தார். "எதிர்க்கட்சி யாரும்மா?"

கள்ளுக்கடை என்று நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன். மந்திரிக்கும் உயிர் முக்கியம்.

ஆனால் கணக்கில் எழுதித்தான் வைத்திருக்கிறேன். கள்ளு பன்னிரண்டு வெள்ளி. மீனும் கறியும் பதினான்கு. சினிமா, வெளியில் மீ கோரிங் தின்பது இரண்டும் நாலு. இதில் கை வைக்காமல் மாதம் இருபது மிச்சம் பிடிக்க முடியாது. இதில் கை வைத்தால் அப்பா என் மேல் கை வைப்பார்.

17 ஜனவரி

யாருமே கணக்கில் எழுதாத செலவு ஒன்றைக் கண்டுபிடித்தேன். தட்டு!

இந்தச் சந்தில் ஒரு வீட்டிலிருந்து தட்டில் ஏதாவது வந்தால், அந்தத் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. நாலு முட்டையோ, ஒரு டம்ளர் சீனியோ வைத்துத்தான் அம்மா கொடுப்பாள். நாம் அனுப்பிய தட்டை அவர்களும் வெறுமனே தர மாட்டார்கள். அதற்குப் பதில் நாம், அதற்குப் பதில் அவர்கள். தட்டுப் பந்தாட்டம். பொங்கல் முடிந்து மூன்று நாளில் இந்த வீட்டிலிருந்து வெளியேறிய முட்டை பதினாறு. கோழிகூட மூன்று நாளில் இத்தனை போடாது.

தட்டைத் தட்டிக்கழிக்க வேண்டும். யார் மனமும் புண்படாமல். எப்படி?

20 ஜனவரி, ஞாயிறு

இப்படித்தான்.

பக்கத்து வீட்டு பீவியக்கா ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டுவந்தார். (அவர் புருஷன் முகைதீன், ஜாலான் பெண்டஹாரா தெருவில் மசாலாக் கடை. அதனால் குழம்பு எப்படி இருக்கும் என்று எழுதி என்னை நானே வதைத்துக்கொள்ள மாட்டேன்.) அம்மா கிணற்றடியில். வாசலில் நான்.

"மன்னிச்சுக்குங்கக்கா. நாங்க வேண்டுதல்ல இருக்கோம். மாரியம்மனுக்கு. கவுச்சி, வெளிச் சாப்பாடு எதுவும் தொட மாட்டோம்."

"நாலு பேருமா? எத்தன நாளைக்குப் புள்ள?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது: "அடுத்த பொங்கல் வரைக்கும்."

"ஒரு வருஷமா!" என் கன்னத்தைத் தடவினார். "ஆண்டவன் ஒங்க மனசுல நெனச்சத நெறவேத்துவான்" என்று சொல்லித் தட்டோடு திரும்பினார். குழம்பு வாசனையும் அவரோடு போனது. நானும் போகப் பார்த்தேன்.

எதிர்வீட்டு சீதா மச்சிக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் செட்டி வீட்டம்மா; மச்சிக் என்றால் அத்தை. கட்டுவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய், கும்பிடுவது நம் மாரியம்மன். "வேண்டுதலா? பகுஸ், பகுஸ்" என்று மெச்சி, அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். என்னை!

நிதி மந்திரிக்கு முதல் வெற்றி.

24 ஜனவரி

அய்யோ.

சீதா மச்சிக் கோயிலில் சொல்லிவிட்டார். கோயிலில் சொன்னது காஜா பெராங் முழுக்கச் சொன்ன மாதிரி. இன்று சாயங்காலம் அப்பா கள்ளுக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் பொன்னுதுரை கோப்பையைப் பின்னால் மறைத்துக்கொண்டாராம்: "அண்ணே, வீட்ல வேண்டுதல்னு கேள்விப்பட்டேன். அந்தப் பாவத்த எந் தலையில கட்டாதீங்க. வீட்டுக்குப் போங்கண்ணே."

ஆறரை மணிக்கே வந்துவிட்டார். கண் சிவப்பு, கள் குடிக்காமலே.

"யாருடி வேண்டிக்கிட்டது? என்னக் கேக்காம எவ வேண்டிக்கிட்டா?"

நான் கதவுக்குப் பின்னால். சொல்லிடலாமா? சொன்னா கொன்னுடுவாரு.

அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது. பீவியக்காவைப் பார்க்கவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் கதவிடுக்கில் தெரிந்த என் பாவாடையைப் பார்த்தாள்.

"நாந்தான்" என்றாள். "இந்த வீட்ட விட்டுப் போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது.

25 ஜனவரி

அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சாமி பேரச் சொல்லிட்ட. இனிமே அது பொய் இல்ல. செஞ்சே ஆகணும். நாலு பேரும்."

"நிஜமாவாம்மா? பொங்கல் வரைக்குமா?"

"நாப்பத்தெட்டு நாள்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி!"

3 பிப்ரவரி

ரசம். கங்குங் கீரை. ரசம்.

4 பிப்ரவரி

கங்குங் கீரை. ரசம். கங்குங் கீரை. (மாறுதலுக்காக.)

11 பிப்ரவரி

சாயங்காலம் ஆறு மணியானால் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்க்கிறார். தேவதாஸ் பென்சிலைக் கீழே போட்டதற்கு அவன் முதுகில் ஒன்று வைத்தார். அடி எனக்குச் சேர வேண்டியது. தம்பிக்கு என் புளிப்பு மிட்டாயைக் கொடுத்தேன். இரண்டையும். மூன்றாவது இருப்பது அவனுக்குத் தெரியாது.

நான் சேட்டைக்காரிதான். ஆனா இது சேட்டையா? ஒருத்தர் கைய நடுங்க வைக்கிறது?

28 பிப்ரவரி

பிஸ்கட் டின்னில் முப்பத்தொரு வெள்ளி. கள்ளு வெள்ளி, கறி வெள்ளி, முட்டை வெள்ளி எல்லாம் சேர்ந்து. நான் நினைத்ததைவிட அதிகம். மூன்று தடவை எண்ணினேன்.

12 மே, ஞாயிறு

மாரியம்மன் திருவிழா. கூட்டத்தில் பின்னால் நின்ற எங்களைக் கோயில் தலைவர் கருணாகரன் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். "வருஷ வேண்டுதல்காரங்களுக்கு வழி விடுங்கப்பா!" தேர் வடத்தில் அப்பாவுக்கு முதல் பிடி. முனிசிபல் குழாய்க் குழியில் இடுப்பளவு சேற்றில் நிற்கிற அப்பாவுக்கு யாரும் வழி விட்டு நான் பார்த்ததே இல்லை. வடத்தைப் பிடித்த கை நடுங்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தெருவில் அவர் பேரே 'வேண்டுதல் நடராஜன்'. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டுகிறார், மகாராஜா மாதிரி.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா! விடுதலை!

காலையில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் கடலோரத் திடலில் அணிவகுத்தோம். பாண்டு, கொடி, வெயில். கத்திக் கத்தித் தொண்டை போனது. கடைசியில் ஆளுக்கொரு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். வாழையிலையைப் பிரித்தேன். சோற்றின் மேல் பொரித்த நெத்திலி, என்னைப் பார்த்துக்கொண்டு.

சுற்றிலும் காஜா பெராங் ஆள் யாரும் இல்லை. ஏழு மாதம் ரசம். யாருக்குத் தெரியப்போகிறது?

அப்பா நினைப்பு வந்தது. நாடே விடுதலையான நாளில் எனக்கு மட்டும் நெத்திலியிலிருந்து விடுதலை இல்லை. பொட்டலத்தை ஒரு சீனச் சிநேகிதியிடம் கொடுத்தேன். அவள் தின்பதைக் கடைசி நெத்திலி வரைக்கும் பார்த்தேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

சேதுபதி மாமா எஸ்டேட்டிலிருந்து வந்தார், கையில் உயிரோடு ஒரு பெட்டைக் கோழி. "அடிச்சுக் குழம்பு வையி தங்கச்சி!" அம்மா விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "கொண்டாந்தத திருப்பி எடுத்துட்டுப் போக மாட்டேன். அதுசரி, ஜனவரியில லயத்துக்கு வந்துருவீங்கல்ல? வீடு சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

அப்பா 'ஆமா' என்று சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கோழிக்கு மகாராணி என்று பெயர் வைத்தேன். வெள்ளைக்கார மகாராணி இப்போதுதான் நாட்டை விட்டாள், இவள் வீட்டைப் பிடித்தாள். முட்டை போட்டால் பீவியக்காவுக்கு விற்கலாம். நாங்கள் தின்னத்தானே கூடாது?

27 அக்டோபர்

மகாராணி வாரம் ஐந்து முட்டை வரி கட்டுகிறாள். டின்னில் இருநூற்றுப் பதினொன்று.

10 நவம்பர், ஞாயிறு

செமாபோக்கில் அப்பாவின் மேஸ்திரி மகனுக்குக் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. அங்கே கறி விருந்து, பின்கட்டில் புட்டி. அப்பா மட்டும் பதினோரு மணிக்குச் சைக்கிளில் போனார்.

ஒரு மணி. இரண்டு மணி. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நின்றாள். மூன்று மணி. "வர்ற நேரந்தான்" என்றாள். அதையே நாலு தடவை சொன்னாள்.

எல்லாம் போச்சு. இன்னிக்குக் குடிச்சா நாளைக்கும் குடிப்பாரு. வேண்டுதலும் போச்சு, டின்னும் போச்சு, வீடும் போச்சு. பொய்ல கட்டுனது எத்தன நாளைக்கு நிக்கும்?

நாலு மணிக்குச் சைக்கிள் மணி. பின் சக்கரம் தட்டையாகக் கிடக்கிறது. செமாபோக்கிலிருந்து வெயிலில் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். அம்மா கிட்டே போய் லேசாக மோந்து பார்த்தாள். வேர்வை. வேர்வை மட்டும்தான்!

"ஒரு வாழப்பழம் தின்னேன், அவ்வளவுதான்" என்று அப்பா சுவரோரம் சாய்ந்தார். "ரசம் இருக்கா?"

அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். ரசத்தைக் கேட்டு ஒரு மனிதர் வாங்கிக் குடிப்பதை இந்த வருஷத்தில் முதல் முறையாகப் பார்த்தேன்.

31 டிசம்பர், செவ்வாய்

அப்பாவும் நானும் கலியாணசுந்தரம் பிள்ளை வீட்டுக்குப் போனோம். அவருக்கு நாங்கள் தவணை கேட்டு வந்திருப்பதாக நினைப்பு. "அதெல்லாம் முடியாது நடராஜன். வீட்டப் பாக்க ஆள் வந்துட்டான்" என்று ஆரம்பித்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். "மந்திரி, கட்டு."

இருநூற்று இருபது வெள்ளியை நோட்டாக மேசையில் வைத்தேன். மீதி இருபது வெள்ளியை, முகைதீன் கடையில் கெஞ்சி மாற்றிய ஐந்து காசு நாணயங்களாக, ஒரு மாவுப் பையிலிருந்து கொட்டினேன். நானூறு நாணயம். மேசை முழுக்க உருண்டது. ஒன்று அவர் மடியில் விழுந்தது, மூன்று நாற்காலிக்கு அடியில்.

எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டில் கணக்கு விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினார். விரல் நுனி கறுத்துவிட்டது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

"நடராஜன், 1958 முழுவதும்" என்று பிள்ளை ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வரும் வழியில் அப்பா மூன்று இடத்தில் சைக்கிளை நிறுத்தி, ரசீது இருக்கிறதா என்று பையைத் தொட்டுப் பார்த்தார்.

14 ஜனவரி 1958, பொங்கல்

கோயிலில் பால் குடம் எடுத்து வேண்டுதலை முடித்தோம். பீவியக்கா சாயங்காலமே ஆட்டுக்கறித் தட்டோடு வந்து நின்றார். ஒரு வருஷமாக அவரும் நாளை எண்ணியிருக்கிறார். தட்டில் நாலு முட்டை வைத்துத் திருப்பினேன். நானே வைத்தேன். முதல் வாய் போட்டதும் தேவதாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

உண்மை அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். சாமிக்கும். இந்த நோட்டு அப்பா கையில் சிக்கினால் எனக்கு இன்னொரு வேண்டுதல் தேவைப்படும்.

சரியாக ஐந்தே முக்காலுக்கு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வேண்டுதல்தான் முடிந்துவிட்டதே, எந்த உரிமையில் கேட்பது? அம்மா பாத்திரத்தைத் தேய்த்தாள், தேய்த்ததையே தேய்த்தாள்.

அரை மணியில் திரும்பிவிட்டார். சைக்கிள் கேரியரில் கை கனத்துக்கு ஒரு முருங்கைக் கொம்பு.

"பத்துபெரெண்டாம் ரோட்டுல ஒருத்தர் வெட்டிப் போட்டிருந்தாரு. நேத்தே கேட்டு வச்சேன்" என்றார். கிணற்றடிக்குப் பக்கத்தில் அவரே குழி தோண்டினார். அம்மா சாணியைப் பிசைந்து கொம்பின் தலையில் அப்பினாள். தேவதாஸ் தண்ணீர் ஊற்றினான், பாதி தன் காலில்.

இந்த வருஷ பட்ஜெட்டைத் திறந்து வரவுப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்:

முருங்கைக்காய் — செப்டம்பர் முதல்.