கடைசி இரண்டு எழுத்து

அக்டோபர் 6
காலையில் தூறல். மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் மிச்சம். கள்ளிமுளையான் செடியில் ஏழு பூ. கறுஞ்சிவப்பு. அழுகிய மீன் வாசம்.

அண்ணன் மகள் பிரமிளா வந்தாள். காலேஜில் செடிப்பாடம் எடுக்கிறவள். இந்த இனம் எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். லத்தீனில் பெயர் வைக்கப்போகிறாள், கண்டெடுத்தவர் பெயரை.

"யார் சித்தப்பா எடுத்தது?"

"நான்தான். ராமாபுரத்துப் பாறையில. எதிர்ல சிறுத்தை!"

"சும்னே கதை விடாதீங்க." சிரித்தாள். ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

என் பெயர் சவரியப்பன், கடைசியில் ரெண்டு இங்கிலீஷ் 'ஐ'. ஆணுக்கு அப்படி. பெண்ணென்றால் 'ஏ', 'ஈ'. எட்டாவது படித்தவனுக்கு லத்தீன் பெயர்!

அக்டோபர் 7
வெயில். பால்காரர், மருந்துக்கடை, எதிர்வீட்டு கௌடர் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. கௌடரிடம் மட்டும் லண்டன் பதக்கம் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.

பிரமிளா போன். போன மாதம் கொண்டுபோன கிளையைக் காகிதத்துக்குள் அமுக்கி வைத்தும் காயவில்லை, உள்ளேயே மொட்டு விட்டிருக்கிறது. காய்ந்த கிளைதான் பெயருக்குச் சாட்சியாம்.

"சதைச்செடி லேசுல சாகாது சித்தப்பா. வெந்நீர்ல முக்கணும்."

போனை வைத்துவிட்டேன். என் மனைவி ரீத்தா போய் இரண்டு வருடம். அவளுக்கு ஒரே ராத்திரி போதுமாயிருந்தது.

அக்டோபர் 8
மேகம். தொட்டி மாற்றும்போது மண்ணுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை. தயிர் டப்பாவில் வெட்டியது. பென்சிலில் ரீத்தா எழுத்து: "ராமாபுரம் பாறை. பஸ்ஸில் இவர் தூங்கும்போது."

வழியில் டயர் மாற்ற பஸ் நின்றதாக அன்றைக்குக் கண்டக்டர் சொன்னார். அப்போது இறங்கிப் போய்க் கிளையை முந்தானையில் முடிந்து வந்திருக்கிறாள். நான் விழித்தது கொள்ளேகாலில். "களையெல்லாம் எதுக்குடி?" என்று திட்டினேன். அது ஞாபகம் இருக்கிறது. சொல்லிச் சொல்லி, சிறுத்தையின் வாலும்கூட ஞாபகம் இருக்கிறது.

தூக்கிப் போடப் போனேன். சட்டைப்பையில் வைத்தேன்.

அக்டோபர் 9
மழை. பிரமிளாவின் கட்டுரை நாளை பத்திரிகைக்குப் போகிறது. அச்சில் வந்தபின் பெயரை மாற்ற முடியாதாம்.

பிரமிளா வீட்டுக்குப் போய்ப் பட்டையைக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள்.

"சித்தியா?"

"அவதான்."

"அப்ப சிறுத்தை?"

"தூக்கத்துல வந்துச்சு."

சிரிக்கவில்லை. என் பெயரை அழித்தாள். ரீத்தா, கடைசியில் ஏ, ஈ. கௌடருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

"ரீத்தே."

மாடிப்படிக்குக் கீழே நின்று நான் அவளைக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.