நான் பெயிலுன்னு எழுதுண்ணே

பட்டாளத்துல இருக்குற என் அண்ணனுக்கு,

அண்ணே, நான் பத்தாப்பு பாஸாயிட்டேன், வீட்டுலயே தன்னால படிச்சு, பிரைவேட்டா எழுதி, எல்லாப் பாடத்துலயும் பாஸ்!

ஆனா அய்யாகிட்ட பெயிலுன்னு சொல்லிட்டேன்.

நம்ம சின்னவ முனீஸ்வரி அஞ்சாப்பு முடிச்சிட்டால்ல. இனிமே வன்னியம்பட்டியில இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸுலதான் போய்ப் படிக்கணும். பரீட்சைக்கு முன்னாலயே அய்யா, "ஏட்டி, நீ பாஸாயிட்டா அவளுக்கும் நீயே வீட்டுல சொல்லிக்குடு. பஸ்காசு, யூனிபாரம் எல்லாம் மிச்சம்"னாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியல. கெணறு வத்திக் கெடக்கு.

நான் படிச்ச லச்சணம் எனக்குத்தானண்ணே தெரியும். கணக்கு வரலன்னா கேக்க ஆளில்லாம, வழியோட அப்படியே மனப்பாடம் பண்ணுனேன். அவ என்னைய மாதிரி இல்ல. "கடல்தண்ணிதான் மழையா வருதுன்னா, மழை ஏங்க்கா உப்புக் கரிக்கல?"ன்னு கேக்கா. நான் அடுப்பைப் பாக்குற மாதிரி எந்திரிச்சுப் போயிட்டேன்.

பெயிலுன்னதும் அய்யா, "வீட்டுப் படிப்பு வேலைக்கு ஆகாது போல. சின்னவளப் பள்ளிக்கூடத்துலயே சேப்போம். நீ ராஜபாளையம் மில்லுக்குப் போத்தா"ன்னாரு. சரின்னுட்டேன். எனக்கு மேல படிக்கணும்னு இருந்துச்சு. அதை விடு.

இன்னும் சேக்கலண்ணே. எப்ப மனசு மாறுவாரோ தெரியல. உன் கடுதாசிய முனீஸ்வரிதான் அய்யாவுக்கு வாசிச்சுக் காட்டுவா. அதனால என்னைய மெச்சி ஒரு வரிகூட எழுதிராத. பெயிலானதுக்கு நல்லா வஞ்சு எழுது. இதப் பாத்த உடனே எழுதுண்ணே.

உன் பாசமுள்ள
தங்கச்சி